புரையேறியதா என்று கேட்காமல் விட்ட மூன்று வாரம்

ஒரு வயது பத்து மாதப் பையன் ஒருவனின் வலது நுரையீரலுக்குப் போகும் குழாயில் அரைக் கடலைப் பருப்பு ஒன்று மூன்று வாரம் உட்கார்ந்திருந்தது. எங்கள் பக்கம் வெறுமனே கடலை என்றால் நிலக்கடலைதான். அவனை முதலில் பார்த்த டாக்டர் நான், அன்றைக்கு அதைக் கண்டுபிடிக்காமல் மருந்தெழுதி அனுப்பியதும் நான். அவன் இப்போது நன்றாக இருக்கிறான். ஆனாலும் அந்த மூன்று வாரத்தில் எந்த இடத்தில் எது கைநழுவியது என்பதை முழுசாக எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது, ஏனென்றால் இதே மாதிரி ஒரு குழந்தை நாளைக்கு வேறொரு டாக்டர் முன்னால் உட்காரும், அதன் அம்மாவும் இதே பதிலைத்தான் சொல்லுவாள். இவனுடைய அம்மாவிடம் கேட்டுச் சம்மதம் வாங்கித்தான் எழுதுகிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம், முக்கூடல் பக்கம் ஒரு கிராமம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பையனைச் சின்னவன் என்றே சொல்கிறேன், அவன் ஆச்சி அப்படித்தான் கூப்பிடுவார்.

கொடை அன்றைக்கு

இந்தப் பகுதி எனக்குத் தெரியவந்தது இருபது நாள் கழித்து. படிக்கிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சித்திரையில் அந்த ஊர் அம்மன் கோவில் கொடை, அதாவது திருவிழா. செவ்வாய்க்கிழமை மதியப் பூஜை நடக்கிறது. அம்மா பொங்கல் பானையோடு கோவில் முற்றத்தில் அடுப்புப் பக்கம் இருக்கிறாள், அப்பா பந்தலுக்குள் நிற்கிறார், சின்னவன் ஆச்சியோடும் ஏழு வயது அக்காவோடும் வேப்பமரத்தடியில். அக்கா கையில் வறுத்த கடலைப் பொட்டலம். ஒவ்வொன்றாகத் தோடு உடைத்து, தொலியை ஊதித் தள்ளி, தம்பி வாயில் ஒன்றும் தன் வாயில் ஒன்றுமாகப் போட்டுக்கொண்டிருக்கிறாள். சாமியாட்டம் உச்சத்துக்கு வந்த நேரம் வேட்டுப் போட்டிருக்கிறார்கள். சின்னவன் திடுக்கிட்டு, வாயில் கடலையோடு, மூச்சை உள்ளே இழுத்து வீரிட்டு அழப் பார்த்திருக்கிறான். அழுகை வரவில்லை, இருமல்தான் வந்தது. முகம் சிவந்து, கண்ணில் தண்ணீர் கொட்டி, மூச்சை இழுக்கும்போதெல்லாம் கீச்சென்று ஒரு சத்தம். ஆச்சி அவனைத் தூக்கி உச்சந்தலையில் தட்டி ஊதிவிட்டு ஒரு மடக்குத் தண்ணீர் கொடுத்திருக்கிறார். ரெண்டு மூணு நிமிஷத்தில் இருமல் அடங்கிவிட்டது. நையாண்டி மேளச் சத்தத்தில் பத்தடி தள்ளி நின்றவர்களுக்குக்கூட எதுவும் தெரியாது. பிள்ளை வேட்டுக்குப் பயந்துவிட்டான் என்று திருநீறு போட்டுவிட்டார்கள். சாயங்காலம் அவன் பலூனைப் பிடித்துக்கொண்டு ஓடித் திரிந்திருக்கிறான்.

அந்தச் சாயங்காலம்தான் எல்லோரையும் ஏமாற்றியது. மூச்சுக்குழலுக்குள் போன ஒரு பொருள் முதலில் குரல் நாண்களையும் மூச்சுக்குழலின் சுவரையும் உரசும்போது உடம்பு அதை வெளியே தள்ள இருமித் தீர்க்கும். பொருள் இன்னும் கீழே இறங்கி ஒரு பக்கக் கிளையில் போய்ச் செருகிக்கொண்டதும் அந்த இடத்து உணர்ச்சி பழகிப்போய் இருமல் நின்றுவிடும். இன்னொரு நுரையீரல் முழுசாக வேலை செய்கிறது, குழந்தை விளையாடுகிறது, சாப்பிடுகிறது. இந்த அமைதியான கட்டம் சில மணி நேரமும் இருக்கலாம், வாரக்கணக்கிலும் இருக்கலாம். அதற்கப்புறம்தான் சளி, காய்ச்சல், நிமோனியா என்று மூன்றாவது கட்டம் ஆரம்பிக்கும். இருமல் நின்றால் கடலை வெளியே வந்துவிட்டது என்றோ வயிற்றுக்குள் போய்விட்டது என்றோதான் வீட்டில் நினைப்பார்கள். வேறு எப்படி நினைப்பார்கள்?

முதல் வருகை, மூன்றாம் நாள்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மா மட்டும் அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். பீடி சுற்றுகிறவள், அன்றைய கட்டை முடித்து கம்பெனியில் கொடுத்துவிட்டு நேராக வந்திருக்கிறாள், விரல் நுனியில் புகையிலை வாசனை அப்படியே இருந்தது. ராத்திரி இருமுகிறான், நெஞ்சில் கர்ர் என்று சத்தம் கேட்கிறது என்றாள். காய்ச்சல் இல்லை. எடை 10.2 கிலோ. மூச்சு நிமிடத்துக்கு 36. ஸ்டெத் வைத்துக் கேட்டேன், இழுப்புச் சத்தம் இருந்தது. இரண்டு பக்கமும் இருக்கிறது என்றுதான் சீட்டில் எழுதியிருக்கிறேன். அவன் அழுதுகொண்டிருந்தான், வெளியே முப்பது பேர் காத்திருந்தார்கள், வலதையும் இடதையும் மாற்றி மாற்றி ஒப்பிட்டுக் கேட்டேனா என்று இன்றைக்கு என்னை நானே கேட்டால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

ஒரு கேள்வி கேட்டேன். அது நன்றாக நினைவிருக்கிறது, சீட்டிலும் இருக்கிறது. "ஏதாவது முழுங்கினானா?" என்றேன். "இல்ல மேடம்" என்றாள். அதை வைத்து 'அந்நியப் பொருள் இல்லை' என்று எழுதிவிட்டு, நெபுலைசர் வைத்து, சல்பியூட்டமால் சிரப் எழுதி, வீசிங் என்று சொல்லி அனுப்பினேன்.

அவள் பொய் சொல்லவில்லை. பிள்ளை எதையும் முழுங்கவில்லைதான். முழுங்கியிருந்தால் அது வயிற்றுக்குப் போய் ரெண்டு நாளில் வெளியே வந்திருக்கும், பிரச்சினையே இல்லை. காசை முழுங்கினான், பித்தானை முழுங்கினான் என்றுதான் தாய்மார்கள் அந்தக் கேள்வியைப் புரிந்துகொள்கிறார்கள். நான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது வேறு விஷயம், அதற்கு நம்மிடம் அழகான ஒரு வார்த்தை காலம் காலமாக இருக்கிறது, புரையேறுதல். உணவு வழி தவறி மூச்சுக்குழலுக்குள் போவதற்கு இதைவிடத் துல்லியமான சொல் எனக்குத் தெரியாது, என் ஆச்சியும் சொல்லியிருக்கிறாள், நானும் வீட்டில் நூறு தடவை சொல்லியிருக்கிறேன். ஆனால் ஸ்டெத்தைக் கழுத்தில் போட்டதும் அந்த வார்த்தையை வாசலில் விட்டுவிட்டேன். கொடையன்று வேப்பமரத்தடியில் அம்மா இல்லாததால், இதைச் சரியாகக் கேட்டிருந்தாலும் அவளால் முழுப் பதில் சொல்லியிருக்க முடியாது என்பது இன்னொரு விஷயம். எங்கள் பக்கம் பீடி சுற்றும் வீடுகளில் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிவருகிறவள் அம்மா, பகல் முழுக்கக் கூடவே இருப்பது ஆச்சியும் அக்காளும். யாரிடம் கேட்கிறோம் என்பதிலேயே பாதி போய்விடுகிறது.

நடுவில்

நெபுலைசருக்கு அவன் கொஞ்சம் சமாளித்தான். இது ரொம்ப முக்கியம், ஏனென்றால் மருந்துக்குக் கேட்கிறது என்றாலே ஆஸ்துமாதான் என்று நம் மனம் முடிவுகட்டிவிடும். கடலையைச் சுற்றிக் குழாயின் உட்சுவர் வீங்கிச் சுருங்கியிருக்கிறது, சல்பியூட்டமால் சுருக்கத்தைக் கொஞ்சம் இளக்கும், ஸ்டீராய்டு கொடுத்தால் வீக்கமும் கொஞ்சம் வடியும், குழந்தை ரெண்டு நாள் நன்றாக இருக்கும். கடலை இருந்த இடத்திலேயேதான் இருக்கும்.

எட்டாம் நாள் வேறு ஒரு இடத்தில் காட்டியிருக்கிறார்கள். அங்கே நெஞ்சு எக்ஸ்ரே எடுத்து, ஒன்றுமில்லை என்று சொல்லி ஆன்டிபயாடிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் படத்தை நான் பிறகு வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். நல்ல படம், மூச்சை உள்ளே இழுத்த நிலையில் எடுத்தது, அதில் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. காசு, ஊக்கு மாதிரி உலோகம் எக்ஸ்ரேயில் பளிச்சென்று விழும். கடலை, கொண்டைக்கடலை, புளியமுத்து, தேங்காய்ச் சில்லு எதுவும் விழாது. ஆகவே எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்பதை வைத்து மூச்சுக்குழலில் ஒன்றும் இல்லை என்று எந்தக் காலத்திலும் சொல்லக்கூடாது. இதைப் படிப்புக் காலத்திலேயே எல்லோரும் எழுதித்தான் பாஸ் செய்கிறோம்.

பன்னிரண்டாம் நாள் மருந்துக்கடையில் பழைய சீட்டைக் காட்டி அதே சிரப் இன்னொரு பாட்டில். பதினாறாம் நாள் மந்திரிக்கக் கொண்டுபோயிருக்கிறார்கள். எங்கள் ஊரில் அறியாதவர் இல்லை, பிள்ளை மெலிந்துபோனால் அதைத்தான் முதலில் நினைப்பார்கள். அதற்காக அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, ரெண்டு டாக்டர் பார்த்தும் சரியாகாத பிள்ளையை வைத்துக்கொண்டு அவர்களும் என்னதான் செய்வார்கள்.

இருபதாம் நாள்

திங்கட்கிழமை காலை. இந்தத் தடவை அம்மா, ஆச்சி, அக்கா மூவரும் வந்தார்கள், பள்ளிக்கூடம் லீவு. காய்ச்சல் 101. மூச்சு நிமிடத்துக்கு 46. ஒரு வயதிலிருந்து ஐந்து வயது வரை நிமிடத்துக்கு 40-ஐத் தொட்டாலே வேகமான மூச்சு என்பது உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் அளவு. ஆக்சிஜன் 93 சதவீதம். எடை 9.6, அதாவது அறுநூறு கிராம் போய்விட்டது.

சட்டையைக் கழற்றி, அம்மா மடியில் நேராக உட்காரவைத்து, இந்தத் தடவை தொடுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் சும்மா பார்த்தேன். இடது பக்க நெஞ்சு ஏறி இறங்கியது. வலது பக்கம் உப்பினாற்போல் நின்றது, சரியாக அசையவில்லை. விரல் வைத்துத் தட்டினால் வலது பக்கம் வெறும் குடத்தைத் தட்டினது போல் கூடுதலாக ஒலித்தது. ஸ்டெத்தில் இடது பக்கம் காற்று போய்வரும் சத்தம் தெளிவாக இருந்தது, வலது பக்கம் எங்கோ தூரத்தில் ஒரே சுருதியில் மெல்லிய விசில். ஒரே பக்கத்தில் சத்தம் குறைந்திருக்கிறது என்று தெரிந்ததுமே எனக்கு அடிவயிறு கலங்கியது.

"என்னிக்காவது இவனுக்குப் புரையேறுச்சா?" என்று கேட்டேன்.

அம்மா, "அது எல்லா பிள்ளைக்கும் ஏறும்லா மேடம்" என்றாள். ஆச்சி பெஞ்சியிலிருந்து எழுந்து உள்ளே வந்தார். "கொடையன்னைக்கு ஒருக்க ஏறுச்சு தாயி. யாரோ நெனைக்காவன்னு உச்சில தட்டி ஊதுனேன். நின்னுட்டு" என்று சொல்லிக்கொண்டே தன் கையால் காற்றில் தட்டிக் காட்டினார், வளையல் குலுங்கிய அந்தக் கை அப்படியே பாதியில் நின்றது. அவருக்கும் அந்த நொடியில் ஏதோ புரிந்திருக்க வேண்டும்.

"அப்பம் வாயில என்ன இருந்துச்சு ஆச்சி?"

அவர் பதில் சொல்லவில்லை. கதவோரம் நின்ற அக்காதான் சொன்னாள், ரொம்ப மெல்ல, தரையைப் பார்த்துக்கொண்டு. "கடலை. நாந்தான் குடுத்தேன். வேட்டு போட்டாவ, அழுதான்."

மூன்று வாரம் அந்தப் பிள்ளை இதை மனசில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறாள். தம்பி ராத்திரி இருமும்போதெல்லாம் முழித்துக்கொள்வாளாம், அம்மா பிறகு சொன்னாள். அவளிடம் யாரும் கேட்கவே இல்லை, நான் உட்பட.

எக்ஸ்ரேயை இரண்டாக எடுக்கச் சொன்னேன், மூச்சை இழுத்த நிலையில் ஒன்று, விட்ட நிலையில் ஒன்று. இந்த வயதுப் பிள்ளையிடம் மூச்சை விடு என்று சொல்ல முடியாது, அழும்போது மூச்சு வெளியே போகும் நேரம் பார்த்து எடுக்க வேண்டும், எங்கள் எக்ஸ்ரே தம்பி பொறுமையாக நின்று பிடித்தார். முதல் படம் கிட்டத்தட்ட சாதாரணம். இரண்டாவது படத்தில் இடது நுரையீரல் சுருங்கியிருந்தது, வலது அப்படியே கறுப்பாக, காற்று அடைத்த பலூனாக நின்றது, இதயம் இடது பக்கம் தள்ளப்பட்டிருந்தது, வலது உதரவிதானம் கீழே அமுங்கியிருந்தது. சைக்கிள் டியூப் வால்வு செய்கிற வேலைதான். மூச்சை இழுக்கும்போது குழாய் விரியும், கடலையின் ஓரமாகக் காற்று உள்ளே நுழைந்துவிடும். விடும்போது குழாய் சுருங்கிக் கடலையைக் கவ்வும், உள்ளே போன காற்று வெளியே வராது.

கடலைக்கு என்று சில குணம்

ஒரு வயது முதல் மூன்று வயது வரைதான் இது அதிகம். முன்பல் இருக்கும், அதனால் கடித்து உடைக்கத் தெரியும். அரைக்கிற கடைவாய்ப்பல்லில் முதல் சோடி ஒன்றேகால் வயது வாக்கில் முளைக்கும், இரண்டாவது சோடி ரெண்டு வயதை ஒட்டியோ அதற்கும் பிறகோதான் வரும். சின்னவனுக்கு இரண்டாவது சோடி வரவே இல்லை. கடலையைக் கடித்து ரெண்டாக்குவான், மாவாக்க முடியாது. இந்த வயதில் மூச்சுக்குழலின் பருமன் ஏறக்குறைய அந்தக் குழந்தையின் சுண்டுவிரல் அளவு, மயக்க மருந்து கொடுக்கும்போது உள்ளே போடும் குழாயே நாலு, நாலரை மில்லிமீட்டர் உள்விட்டம்தான். அரைக் கடலைப் பருப்பு அதில் போய் அடைப்பதற்கு என்றே வார்த்தது போல் இருக்கும். சாதாரணமாக விழுங்கும்போது குரல்வளை மேலெழும்பி, அதன் மூடி கவிந்து, குரல் நாண்கள் இறுகி வழியை அடைத்துக்கொள்ளும். சிரிக்கும்போதும் திடுக்கிட்டு மூச்சிழுக்கும்போதும் அந்த வழி முழுசாகத் திறந்து கிடக்கும். வலது கிளை இடதைவிட அகலம், நேராகக் கீழே இறங்கும், அதனால் பாதிக்கு மேல் வலதில்தான் போய் விழும்.

போன பிறகு கடலை சும்மா இருப்பதில்லை. ஈரத்தை உறிஞ்சி ஊதும். அதன் எண்ணெய் உட்சுவரைப் புண்ணாக்கும், சுற்றிலும் சதை வளர்ந்து மூடப் பார்க்கும், அப்பால் தேங்குகிற சளியில் கிருமி பிடிக்கும். மாதக்கணக்கில் விட்டால் அந்த நுரையீரல் பகுதி நிரந்தரமாகக் கெட்டுப்போய் வாழ்நாள் முழுக்கச் சளியும் இருமலுமாக இருக்க வேண்டியதுதான். பிளாஸ்டிக் மூடி ஒன்று மூச்சுக்குழலுக்குள் போன குழந்தைகளைவிட, கடலை போன குழந்தைகள் வேகமாக நோயாளியாவது இதனால்தான்.

பாளையங்கோட்டையில்

அன்றைக்கு மதியமே 108 வண்டியில் ஆக்சிஜனோடு அனுப்பினேன். படுக்கவைக்காமல், அம்மா மடியில் உட்கார்ந்தபடியே, அழவிடாமல் கொண்டுபோகச் சொன்னேன். முதுகில் தட்டிச் சளி எடுக்கிறேன் என்று யாரும் செய்யக்கூடாது என்று சீட்டிலேயே பெரிதாக எழுதினேன், ஒரு கிளையில் இருக்கிற கடலை பெயர்ந்து மேலே வந்து பொதுக்குழலில் மாட்டினால் இரண்டு நுரையீரலும் ஒரே நேரத்தில் நின்றுபோகும். வாய்வழியாக எதுவும் கொடுக்க வேண்டாம் என்றும் சொன்னேன், வயிறு காலியாக இருந்தால்தான் மயக்க மருந்து கொடுக்கலாம்.

மறுநாள் காலை பிராங்கோஸ்கோபி. கொடை கழிந்து சரியாக மூன்று வாரம், அதே செவ்வாய்க்கிழமை. அனுமதி கேட்டு நானும் போய் ஓரமாக நின்றேன். விளக்குப் பொருத்திய நேரான உலோகக் குழாயை வாய்வழியாக மூச்சுக்குழலுக்குள் இறக்குவார்கள், அந்தக் குழாயின் பக்கவாட்டு வழியாகத்தான் மயக்க மருந்து டாக்டர் குழந்தைக்கு மூச்சுக் கொடுக்க வேண்டும். ஒரே சின்னக் குழாயை எடுப்பவரும் மூச்சுக் கொடுப்பவரும் பங்கு போட்டுக்கொள்கிற வேலை இது, ரெண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமலேயே பேசிக்கொண்டார்கள். திரையில் வலது கிளையின் வாசலில் சிவந்து தடித்த சதைக்கு நடுவில் வெளுப்பாக ஒரு வளைவு தெரிந்தது. முதலில் சளியை உறிஞ்சினார்கள். ஊறிப்போன கடலையை இறுக்கிப் பிடித்தால் நொறுங்கிச் சின்னக் கிளைகளுக்குள் சிதறும், தளரப் பிடித்தால் குரல் நாண் பக்கம் வரும்போது நழுவிவிடும். இடுக்கி, கடலை, குழாய் மூன்றையும் ஒன்றாகவே வெளியே இழுத்தார்கள், ஏனென்றால் கடலை குழாய்க்குள் நுழையாது. அந்தச் சில விநாடி அறையில் யாரும் பேசவில்லை. அப்புறம் மறுபடி குழாயை இறக்கி வலது, இடது ரெண்டையும் கடைசிவரை பார்த்தார்கள். வலதில் மொச்சை முளைக்குருத்து அளவு ஒரு துணுக்கு மிச்சம் இருந்தது, அதையும் எடுத்தார்கள்.

உப்புத்தண்ணீர் ஊற்றிய சின்னக் குப்பியில் போட்டு என்னிடம் காட்டினார்கள். அரைப் பருப்பு, தொலி இல்லை, ஊறி ஊதி பால் நிறமாகியிருந்தது. தட்டையான பக்கத்தின் நடுவில் ஓடும் மெல்லிய கோடும் ஒரு முனையில் கடலைக்கே உரிய அந்தக் குட்டி மூக்கும்கூட அப்படியே இருந்தது. வீட்டில் நாம் பிட்டுப் பார்த்து வாயில் போடும் அதே கடலை.

இப்படிக் குழாயை இறக்கி மூச்சுக்கிளையிலிருந்து ஒரு பொருளை முதன்முதலில் எடுத்தவர் ஜெர்மனியின் ஃப்ரைபுர்க்கைச் சேர்ந்த குஸ்டாவ் கில்லியன், 1897-ல், ஒரு விவசாயியின் வலது கிளையில் மாட்டிய பன்றி எலும்பு. அதற்குப் பின்னால் அமெரிக்காவில் செவாலியர் ஜாக்சன் என்கிற டாக்டர் இந்த வேலையையே வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டு, நோயாளிகளின் தொண்டையிலிருந்தும் மூச்சுக்குழலிலிருந்தும் எடுத்த ரெண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்களைச் சேர்த்து வைத்தார், அவை இன்றும் ஃபிலடெல்ஃபியாவில் முட்டர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இழுப்பெல்லாம் ஆஸ்துமா ஆகாது என்று மாணவர்களுக்குப் படித்துப் படித்துச் சொன்னவரும் அவர்தான். கில்லியனுக்கு முன்னால் இப்படிக் கடலை போன பிள்ளைகளின் கதி என்னவாக இருந்திருக்கும் என்று அந்தக் குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன்.

வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மூச்சே நின்றுபோனால்

சின்னவனுக்குக் காற்று ஒரு பக்கமாவது போனது. பொருள் மேலேயே, குரல்வளையில் மாட்டினால் கதை நிமிஷக்கணக்கில்தான், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நேரமிருக்காது, பக்கத்தில் நிற்பவர்தான் செய்தாக வேண்டும். ஆகவே இதையும் எழுதிவிடுகிறேன்.

சத்தமாக இருமுகிறான், அழுகிறான், பேசுகிறான் என்றால் காற்று போகிறது. அப்போது தட்ட வேண்டாம், தண்ணீர், வாழைப்பழம், சோத்து உருண்டை எதுவும் கொடுக்க வேண்டாம், நிமிர்ந்து உட்காரவைத்து இருமவிடுங்கள். அதைவிட நல்ல இடுக்கி கிடையாது. சத்தமே வரவில்லை, கையால் கழுத்தைப் பிடிக்கிறான், உதடு நீலம் பாய்கிறது என்றால் வழி முழுசாக அடைத்துவிட்டது. ஒருவரை 108-க்குப் பேசச் சொல்லிவிட்டு, ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையானாலும் பெரியவரானாலும் முன்னால் குனியவைத்து, இரண்டு தோள்பட்டை எலும்புக்கும் நடுவில் உள்ளங்கை அடிப்பாகத்தால் பலமாக ஐந்து அடி. வரவில்லை என்றால் பின்னால் நின்று, பிள்ளையானால் முட்டிபோட்டு, தொப்புளுக்குக் கொஞ்சம் மேலே ஒரு கையை முஷ்டியாக மடக்கி வைத்து மறுகையால் பற்றி, உள்ளேயும் மேலேயுமாக ஐந்து தடவை வெடுக்கென்று அழுத்துங்கள். 1974-ல் ஹெம்லிக் சொன்ன முறை இது. மாற்றி மாற்றி, பொருள் வெளியே வரும்வரை. நிறைமாதப் பெண்ணுக்கும், கைக்குள் அடங்காத உடம்புக்காரருக்கும் வயிற்றுக்குப் பதில் நெஞ்சு நடுவில் அழுத்த வேண்டும்.

ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு வயிற்றில் அழுத்தவே கூடாது, ஈரல் கிழிந்துவிடும். முன்னங்கையில் குப்புறப் படுக்கவைத்து, தாடையைப் பிடித்துத் தலை கொஞ்சம் தாழ இருக்கும்படி முதுகில் ஐந்து அடி, அப்புறம் மல்லாக்கத் திருப்பி முலைக்காம்புக் கோட்டுக்குச் சற்றுக் கீழே நெஞ்சின் நடுவில் ஐந்து அழுத்தம். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டு உலுக்குவதைச் சில வீடுகளில் பார்த்திருக்கிறேன், அது வேண்டாம். வாய்க்குள் விரலை விட்டுத் துழாவுவதும் வேண்டாம், கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் எடுங்கள், தெரியாமல் துழாவினால் இன்னும் உள்ளே தள்ளிவிடுவோம். மயங்கி விழுந்துவிட்டால் தரையில் படுக்கவைத்து நெஞ்சை அழுத்தி மூச்சுக் கொடுக்க ஆரம்பித்துவிட வேண்டும், ஒவ்வொரு தடவை மூச்சுக் கொடுக்கும் முன்பும் வாயைத் திறந்து பார்க்க வேண்டும். பொருள் வெளியே வந்த பிறகும் ஒரு டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

உச்சந்தலையில் தட்டுவதைப் பற்றி ஆச்சிமார் கேட்கிறார்கள். அன்பாகத் தட்டுங்கள், அதனால் கெடுதல் ஒன்றுமில்லை, அதனால் கடலை வெளியே வரவும் செய்யாது. தட்டி முடித்த பிறகு ஒன்றை மட்டும் செய்யுங்கள் என்று சொல்கிறேன், அன்றைக்கு என்ன தேதி, வாயில் என்ன இருந்தது என்பதை நினைவில் வைத்து, அதற்கப்புறம் வருகிற வாரங்களில் இருமலோ இழுப்போ வந்தால் கேட்காமலேயே டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஒன்றரை மாதம் கழித்து

அவன் எடை 10.4. ரெண்டு பக்கமும் மூச்சுச் சத்தம் ஒன்றுபோல் இருந்தது, கண்ணை மூடிக்கொண்டு நாலு தடவை மாற்றி மாற்றிக் கேட்டேன். எக்ஸ்ரேயும் சரி. இருமல் என்று வருகிற ஒவ்வொரு குழந்தையின் சீட்டிலும் இப்போது ஒரு வரி அச்சடித்து வைத்திருக்கிறேன்: 'புரையேறியதா, எப்பம், வாயில் என்ன, பக்கத்தில் யார்?' கடைசிக் கேள்விக்கு வருகிற பதில் பாதிக்குப் பாதி அம்மா இல்லை. அவர்களுக்குப் போன் போட்டுக் கேட்கிறேன், அஞ்சு நிமிஷம் ஆகிறது, ஆகட்டும்.

அக்கா அந்த நாளிலிருந்து கடலையைத் தொடுவதில்லை என்று அம்மா சொன்னாள். அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, நீ சொன்னதால்தான் மக்கா உன் தம்பிக்குச் சரியாச்சு, டாக்டர் ரெண்டு பேருக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிருந்துச்சு என்று சொன்னேன். ஸ்டெத்தை அவள் காதில் மாட்டி, தம்பி நெஞ்சில் வலது பக்கம் வைத்துக் கேட்கவைத்தேன். "காத்து போகுதா?" என்றேன். தலையாட்டினாள்.

கடலையே கொடுக்கக்கூடாதா என்று ஆச்சி கேட்டார். கடலை மேல் எனக்கு விரோதமில்லை, அந்த வீட்டில் அந்தப் பிள்ளைக்குக் கிடைக்கிற நல்ல சத்தில் அதுவும் ஒன்று. முழுசாகவோ பாதியாகவோ கொடுப்பதை மட்டும் நாலஞ்சு வயது வரை நிறுத்துங்கள், சுண்டலும் பொரிகடலையும் அப்படித்தான், நசுக்கிக் கொடுங்கள், திராட்சையையும் நுங்கையும் சின்னதாகக் கீறிக் கொடுங்கள், சீத்தாப்பழமும் சப்போட்டாவும் விதையெடுத்துக் கொடுங்கள், ஓடும்போதும் சிரிக்கும்போதும் வாயில் எதுவும் வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். அடுத்த வாரமே ஆச்சி ஒரு தூக்குவாளியோடு வந்தார். கடலையை வறுத்துத் தொலி நீக்கி, கருப்புக்கட்டி சேர்த்து உரலில் இடித்த பொடி. கொஞ்சம் எடுத்து விரலுக்கிடையில் தேய்த்துப் பார்த்தேன், வாசனையாக இருந்தது, நடுவில் அரிசி நொய் அளவுக்கு ஒன்றிரண்டு துணுக்கு தட்டுப்பட்டது.

"இன்னொரு தடவ சலிச்சிருங்க ஆச்சி" என்றேன்.